கரிசலில் முதல் பாத்தி

சித்திரைக் கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒன்றரை அடி போயும் அடி தட்டவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "ஏய்யா, இதுலயா காய்கறி போடப் போற?" என்று கேட்டார். அது கேலி இல்லை, கவலை. கரிசல் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டிப் பருத்தி எடுக்கப் போனவர் அவர். அந்த மண் கோடையில் எப்படி இறுகும், கார்த்திகையில் எப்படிக் காலைப் பிடித்து இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே வந்தால் காரியாபட்டி. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலங்காடு. இடையிடையே பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், கிணறு உள்ளவர்களின் மல்லிகைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு பின்புறம் சுரைக்கொடியும் கீரைப்பாத்தியும் இருந்தன. இப்போது காய்கறி மதுரையிலிருந்து லோடு வண்டியில் வருகிறது. நஞ்சில்லாத நாலு காயையாவது நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை சமீப ஆண்டுகளில் இந்தப் பக்கமும் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரி முடித்த பிள்ளைகள் என்று பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எதுல ஆரம்பிக்கணும்?"

நான் தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். செடி வளர்க்கும் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், பாக்கெட் பாக்கெட்டாக மண்புழு உரம், பத்து வகைக் கலப்பின விதை எல்லாவற்றையும் மதுரையில் வாங்கி வந்து மொட்டை மாடியில் அடுக்கினேன். அப்போது வைகாசி. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் பையில் இல்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஒவ்வொரு முறை காயும்போதும் பையின் மேல் வெள்ளையாகப் பூத்தது. தக்காளி நாற்றின் இலை ஓரம் முதலில் கருகியது, பிறகு தண்டு. மூன்று வாரத்தில் பத்துப் பைகளும் வெறும் பைகள்.

அந்தப் பொருள்களில் குற்றம் இல்லை. கோவைப் பக்கத்துக் காற்றுக்கும் சென்னை மாடிகளுக்கும் சரியாக இருப்பது எங்கள் வெயிலுக்கும் எங்கள் தண்ணீருக்கும் சரிப்படவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாகக் கொல்லையில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: காரியாபட்டியில் இயற்கைத் தோட்டம் போட வேண்டிய பொருள் அத்தனையும் காரியாபட்டியிலேயே கிடக்கிறது. கண்மாயில் கிடக்கிறது, ஆட்டுக்கிடையில் கிடக்கிறது, கரிமூட்டத்தில் கிடக்கிறது. அதை எந்த மாதத்தில், எந்த அளவில் மண்ணில் சேர்ப்பது என்பதுதான் படிக்க வேண்டிய பாடம்.

இந்தூரும் கோவில்பட்டியும்

கரிசலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. இன்று உலகம் முழுக்க இயற்கை வேளாண்மை என்று பேசப்படுவதன் ஒரு பெரிய வேர் கரிசல் மண்ணில்தான் ஓடுகிறது.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905-இல் பிகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். வந்த வேலை இந்திய விவசாயிக்குக் கற்றுக்கொடுப்பது. சில ஆண்டுகளிலேயே, சுற்றியுள்ள விவசாயிகளையும் வயலில் வரும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். 1924-இல் இந்தூருக்குப் போனார். அது மாளவத்துப் பருத்திக் கரிசல். நம் மண்ணின் உடன்பிறப்பு. கோடையில் அங்கேயும் வெடிப்பு விழும், மழையில் அங்கேயும் சேறு குழையும். அந்த மண்ணுக்கு உயிர் கொடுக்க அவரும் உடன் பணியாற்றிய யஷ்வந்த் வாடும் வகுத்த முறைதான் இந்தூர் மட்குமுறை. செடிக்கழிவு, சாணம், மாட்டுமூத்திரம் ஊறிய மண், கொஞ்சம் சாம்பல் ஆகியவற்றைப் படலம் படலமாகக் குழியில் போட்டு, மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எரு எடுத்தார்கள். 1931-இல் இருவரும் அதைப் புத்தகமாக எழுதினார்கள். 1940-இல் ஹோவர்ட் எழுதிய 'ஒரு வேளாண் சாசனம்' மேற்கு நாடுகளின் இயற்கை வேளாண் இயக்கத்துக்கு அடிப்படை நூல்களில் ஒன்றாயிற்று.

அதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னச் செய்தி உண்டு. பருத்திமார் லேசில் மட்காது. ஹோவர்ட் அதைப் பண்ணைப் பாதையில் பரப்பிவிட்டார். மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி ஏறி அது நார்நாராக நசுங்கிய பிறகு குழிக்குள் போட்டார். எங்கள் ஊரில் பருத்திமார் ஒன்று அடுப்புக்குப் போகும், அல்லது காட்டிலேயே கொளுத்தப்படும். அதை வாசலில் பரப்பி டிராக்டர் ஏறவிட்டுப் பார்த்தேன். வண்டிச் சக்கரம் செய்த வேலையை டயரும் செய்தது.

இன்னொரு திருப்பமும் கரிசலில் நடந்தது, அதுவும் நம் பக்கத்திலேயே. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் ஓர் இளம் வேளாண் பட்டதாரி வேலை பார்த்தார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்த கோ. நம்மாழ்வார். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எத்தனை அடி இடைவெளி, எத்தனை கிலோ ரசாயன உரம் என்று சோதனை செய்வது அவர் வேலை. மானாவாரிக் கரிசலில், வானத்தை நம்பி விதைக்கிறவனிடம் விலை கொடுத்து வாங்கும் விதையையும் உரத்தையும் சொல்வதில் என்ன பயன் என்ற கேள்வி அங்கேதான் அவரைக் குடைந்தது. விடை கிடைக்காமல் வேலையை விட்டு வெளியே வந்தார். பிறகு களக்காட்டில் கிராமங்களோடு வேலை செய்தார். பிற்காலத்தில் கரூர் மாவட்டம் கடவூர் மலையடிவாரத்தில் வானகம் பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று மறையும் வரை ஊர் ஊராக நடந்தார். தமிழ்நாட்டில் இன்று இயற்கைத் தோட்டம் போடும் யாருடைய பேச்சிலும் அவர் சொல் ஒன்றாவது இருக்கும்.

செழிப்பான ஆற்றுப்பாசனத்தில் மண் நம் தவறுகளைக் கொஞ்ச நாள் மறைத்துக் காட்டும். கரிசல் மானாவாரியில் அந்த ஆண்டே தெரிந்துவிடும். ஹோவர்டின் முறை உருவானதும் நம்மாழ்வார் வழி மாறியதும் இப்படிப்பட்ட மண்ணில் என்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

மண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு மழை

கரிசலின் குணம் அதன் களியில் இருக்கிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு கெட்டதும் இல்லை: மேல்மண் உள்ளே விழ, அடிமண் மேலே வர, மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. புழுதியைக் கால் பங்காகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்ற கருத்தில் வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொன்னது கோடையுழவு பார்த்தவருக்குத்தான் முழுதாகப் புரியும்.

தண்ணீரைப் பிடித்து வைப்பதில் கரிசலுக்கு ஈடில்லை. ஆனால் பிடித்த தண்ணீரை விடவும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் சமதளப் பாத்தியில் கத்தரியும் மிளகாயும் வேர் அழுகிச் சாயும். அதனால் இங்கே முதல் விதி மேட்டுப்பாத்தி. நாலடி அகலம், ஓரடி உயரம், நீளம் உங்கள் கொல்லை இடம் கொடுக்கும் அளவு. நாலடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவே எட்ட வேண்டும். ஒருமுறை பாத்தி போட்ட பிறகு அதில் கால் வைக்கவே கூடாது. ஈரக் கரிசலை மிதித்தால் செங்கல்லாகிவிடும், அதைத் திரும்பப் பொலபொலப்பாக்க ஒரு பருவம் ஆகும்.

மேட்டுக்கு வேண்டிய மண்ணுக்குக் கண்மாய் இருக்கிறது. கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயின் வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும்படி 2024-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள். கொல்லைத் தோட்டத்துக்குத் தனியாக டிராக்டர் பிடிக்க வேண்டியதில்லை. வைகாசியில் பக்கத்துக் காட்டுக்காரர் வண்டல் அடிக்கும்போது ஒரு நடை கேட்டால் போதும். முன்பு ஊரே செய்த வேலை அது: கண்மாய் ஆழமாகும், காடு வளமாகும்.

ஒருமுறை மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. எங்கள் மண்ணின் பி.எச். அளவு 8-ஐத் தாண்டியிருந்தது, அதாவது காரத்தன்மை. அங்ககக் கரிமம் 'குறைவு' என்று வந்தது. அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அப்படிக் குறிப்பார்கள். இந்த இரண்டு தகவலும் ஒரு முக்கியமான முடிவைச் சொல்லின. எல்லா ஊர்த் தோட்டக் குறிப்புகளிலும் வருகிற "அடுப்புச் சாம்பலைப் போடுங்கள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், சுண்ணாம்பு தூவுங்கள்" என்ற அறிவுரை இந்த மண்ணுக்கு ஆகாது. சுண்ணாம்பும் காரமும் ஏற்கெனவே கூடுதலாக இருக்கிற மண் இது. இன்னும் சேர்த்தால் இரும்புச்சத்தும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. நரம்பு பச்சையாக நிற்க, இலை மட்டும் வெளுக்கும். கொல்லையில் இலை அப்படி வெளுத்தால் உடனே யூரியாவைத் தேடாதீர்கள். மட்கு எருவைக் கூட்டுங்கள்.

கிடைக்காரர் சொன்னது

முதல் ஆண்டு நான் செய்த பெரிய தவறை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இதே தவறை வேறு மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன்.

ஆட்டுப்புழுக்கையைவிட நல்ல எரு இல்லை என்று கேட்டே வளர்ந்தவன் நான். கோடையில் கிடை போட்டிருந்த காட்டிலிருந்து நாலு சாக்கு அள்ளி வந்து அப்படியே பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டேன். முதல் மழை விழுந்த பத்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. வெண்டை முளைத்துவிட்டது என்று ஓடிப் போய்ப் பார்த்தால், சின்னச் சின்ன இரட்டை இலைகளோடு சீமைக்கருவேலங்கன்றுகள். எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் கிடைக்காரரைத் தேடிப் போனேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருகிற கீதாரி, அறுபது வயதிருக்கும்.

"அண்ணே, புழுக்கை போட்டேன், பூரா கருவையா மொளைச்சிருச்சு."

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "தம்பி, சித்திரையில ஆடு வேற என்னத்தத் திங்கும்? கருவைக் காயத்தான் திங்கும். காய் இனிப்பு. வித்து செமிக்காது. வயித்துச் சூட்டுல தோல் மட்டும் எளகி வெளிய வரும், மழை பட்டா மொளைக்கும். பச்சைப் புழுக்கையக் காட்டுல போடலாம், ஏர் ஓட்டி அழிச்சிருவாங்க. வீட்டுப் பாத்தியில போடுறவன் குப்பையில போட்டு மக்க வச்சுல்ல போடணும்."

1950-களில் விறகுக்கும் வேலிக்கும் என்று பெரிய அளவில் விதைக்கப்பட்ட அந்த மெக்சிகோ, தென்னமெரிக்க மரம் எங்கள் விருதுநகர் மாவட்டத்தையும் ராமநாதபுரத்தையும் எப்படிப் பிடித்தது என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. குவியலுக்குள் சூடு ஏறி நன்றாக மட்கும்போது அந்த விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். அதனால் மட்குக்குழிதான் தோட்டத்தின் முதல் வேலை. விதை வாங்குவது கடைசி வேலை.

எங்கள் குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் இரண்டடி. வேம்பின் நிழலில் தோண்டினோம். அடியில் நசுங்கிய பருத்திமார், அதன்மேல் ஆட்டுப்புழுக்கை, பிறகு வீட்டுக் காய்கறித் தோல், வேப்பஞ்சருகு, கடலைத்தோல், சாணிக்கரைசல், ஒரு கூடை மண். திரும்ப அதே வரிசை. கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு ஈரம் வர வேண்டும்; வழியவும் கூடாது, உதிரவும் கூடாது. இருபது நாளுக்கு ஒருமுறை மம்பட்டியால் புரட்ட வேண்டும். நம் வெயிலில் இது காய்ந்துபோவதுதான் ஆபத்து, அதனால் மேலே பழைய சாக்கை நனைத்துப் போடுகிறோம். புரட்டும்போது ஆவி பறந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மூன்று மாதத்தில் கருப்பாக, மழை விழுந்த மண் வாசத்தோடு எரு கிடைக்கும்.

சீமைக்கருவேலத்திடமிருந்து ஒரு நன்மையும் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் ஏராளமான குடும்பங்களுக்குக் கரிமூட்டம்தான் சோறு. மூட்டம் பிரித்துக் கரியை மூட்டை கட்டிய பிறகு அடியில் தூள் மிஞ்சும். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கரியும் எலும்பும் குப்பையும் கலந்து உருவாக்கிய கரிய மண் இன்றும் வளம் குறையாமல் இருக்கிறது என்று மண் அறிஞர்கள் வியக்கிறார்கள். கரித்தூளில் உள்ள நுண்ணிய துளைகள் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும், நுண்ணுயிர்களுக்கு வீடாக இருக்கும். ஆனால் அதை வெறுமனே மண்ணில் போடக் கூடாது. வெறுங்கரி முதலில் மண்ணிலுள்ள சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். சாணி, கோமியக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்து, மட்கோடு கலந்து, பாத்திக்கு ஒரு கூடை மட்டும் போடுங்கள். அதற்கும் காரத்தன்மை உண்டு, நம் மண்ணில் அளவு முக்கியம். சாம்பல் வேறு, கரித்தூள் வேறு என்பதையும் மூட்டக்காரரிடம் சொல்லி வாங்க வேண்டும்.

புரட்டாசி வரை பொறுங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த வழக்கு. கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் அது சரி. மானாவாரிக் கரிசலின் பட்டம் புரட்டாசி. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசியை ஒட்டிய மாதங்களில் கொட்டிவிடும். கொல்லைத் தோட்டம் என்றாலும் முதல் முறை போடுகிறவர் இந்த மழையைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

அப்படியானால் ஆடியில் என்ன செய்வது? பலதானியம் விதைப்பது. நம்மாழ்வார் வழியில் வந்தவர்கள் எல்லாரும் சொல்லும் முறை இது: சோளம், கம்பு, தினை, சாமை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, எள், நிலக்கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி, சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, நரிப்பயறு, கடுகு, வெந்தயம், சீரகம், கொத்தமல்லி. வகைக்கு நாலாக இருபது. ஏக்கருக்கு 25 கிலோ என்றால், ஒரு சென்டுக்குக் கால் கிலோ போதும். அநேகமாக எல்லாம் அஞ்சறைப்பெட்டியிலும் பலசரக்குக் கடையிலும் இருப்பவை. கொழிஞ்சி நம் பொட்டல்காட்டில் தானாகவே நிற்கும். பூக்கும் சமயம், 45 அல்லது 50 நாளில், அறுத்து அங்கேயே மடக்கி மண்ணில் கொத்திவிட வேண்டும். ஆவணி கடைசியில் மடக்கினால் புரட்டாசி நடுவில் மண் தயார். தழை முழுதும் மட்கும் முன் காய்கறி விதைத்துவிடக் கூடாது, விதை அழுகும்.

முதல் பட்டத்துக்கு எதை விதைப்பது என்று கேட்டால், தக்காளியை விடுங்கள் என்பேன். ஆசை எல்லாருக்கும் தக்காளியில்தான், ஏமாற்றமும் அதில்தான். தண்டங்கீரையும் அரைக்கீரையும் போடுங்கள், மாதம் திரும்புவதற்குள் குழம்புச்சட்டிக்கு வந்துவிடும். சீனியவரை போடுங்கள்: வறட்சியையும் உப்புத் தண்ணீரையும் அது தாங்குவதுபோல வேறு காய் தாங்காது, பயறு இனமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். வெண்டை 45 நாளில் காய்க்கும். வேலியோரம் ஒரு சுரை, ஒரு பீர்க்கு. மூலையில் ஒரு முருங்கைப் போத்து. நாலு முண்டு மிளகாய்ச் செடி. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் வெயிலில் பிறந்த காய் அது. பீன்ஸும் கேரட்டும் உப்புத் தண்ணீரைச் சகிக்காது, வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 500 சதுர அடி மொட்டை மாடியில் ஓராண்டில் விழும் மழை, 800 மில்லிமீட்டர் கணக்கில், ஏறத்தாழ 37,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், அதனால் பெரும்பாலான வீடுகளில் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. பலவற்றில் குழி மட்டும் தூர்ந்து கிடக்கிறது. அந்தக் குழாயில் ஒரு பிரிவைத் தொட்டிக்குத் திருப்பினால் தை, மாசிக்கு நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால், தினம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள். அது உப்பை மேலேயே நிறுத்தும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள், பாத்தியை மூடி வையுங்கள். சோளத்தட்டை, கடலைத்தோல், சருகு எதுவானாலும் நாலு விரல் உயரத்துக்கு மூடாக்கு. என் தோட்டத்தில் வேறு எந்த ஒரு வேலையும் இந்த அளவுக்குப் பலன் கொடுக்கவில்லை.

மூடாக்குக்கு அட்டை போடலாம், பழுப்பு நிற அட்டைப்பெட்டி நல்லது, ஒட்டுநாடாவை உரித்துவிடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை, நம் மாவட்டத்துக்கென்றே உரியது. மழை குறைந்த வறண்ட காற்று என்பதால்தான் 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது, பட்டாசும் அச்சும் பின்னாலேயே வளர்ந்தன. அதனால் பளபளக்கும் வண்ணக் காகிதக் கழிவும் ரசாயனம் வந்த டிரம்களும் சாக்குகளும் பழைய இரும்புக்கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. எதற்குப் பயன்பட்டது என்று தெரியாத டிரம்மில் கரைசல் கலக்காதீர்கள், அதை அறுத்துச் செடி வைக்காதீர்கள். பச்சை வண்ணத்துக்காகப் பட்டாசில் சேர்த்த பேரியம் உப்பை 2018-இல் உச்ச நீதிமன்றமே தடை செய்தது. அதுபோன்றவை அடியில் ஒட்டியிருந்தால் கழுவினாலும் நம்ப முடியாது. எண்ணெய் டின், மண்பானை, சிமென்ட் தொட்டி இருக்கின்றனவே.

பூச்சி வரும், வரட்டும்

மார்கழியில் தட்டைப்பயறு கொடியில் அசுவிணி அப்பியிருந்ததைப் பார்த்து அக்கா பதறினார். "மருந்து அடிக்கலையா?" என்று கேட்டார். நாலு நாள் பொறுக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் பொறிவண்டுகள் வந்திருந்தன, அவற்றின் புழுக்களும். தட்டைப்பயறை வரப்பில் போடுவதே அதற்குத்தான். அசுவிணி அங்கே வரும், அதைத் தின்ன வரும் பொறிவண்டு பிறகு வெண்டைக்கும் கத்தரிக்கும் காவல்.

இது கதை இல்லை என்பதற்குத் தமிழ்நாடே ஒரு முறை சாட்சியாக இருந்தது. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஒவ்வொன்றாக வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல அழித்துக்கொண்டு வந்தது. மருந்து மேல் மருந்தாக அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் அசிரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் நிலையங்களும் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. மருந்து அடிக்காத தோட்டங்களில்தான் அந்தக் குளவி நன்றாகத் தங்கியது.

கைவசம் இரண்டு கரைசல் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். வளர்ச்சிக்கு அமிர்தக் கரைசல்: ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர், ஒரு நாள் நிழலில் வைத்துக் கலக்கிவிட்டு, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் சேர்த்துப் பாத்தியில் ஊற்றலாம். பூச்சிக்கு மூலிகைக் கரைசல். எந்த இலை என்பதற்குப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு அழகானது: ஆடு மாடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, வாயில் வைத்தால் கசப்பது. ஆடாதொடை, எருக்கு, வேம்பு மூன்றும் எங்கள் தெருவுக்குள்ளேயே நிற்கின்றன. அரைத்து, கோமியத்தில் ஒரு வாரம் ஊறவைத்து, வடிகட்டி, பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேம்பைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை நினைவுபடுத்தத் தோன்றுகிறது: 1994-இல் வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவில் முன்பே தெரிந்த அறிவு என்று வாதாடி 2000-இல் அதை ரத்து செய்யவைத்தார்கள். 2005-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், எந்தக் கரைசலுக்கும் கேட்காது.

அவசரம் கூடாத வேலை

இவ்வளவு படித்ததும் சிலர் ஒரே நாளில் ஐந்து ஏக்கரையும் மாற்றிவிடக் கிளம்புவார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இலங்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். 2021 மே மாதம் அங்கே ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தினார்கள். போதிய அங்கக உரம் கையில் இல்லை, பல ஆண்டுகள் ரசாயனத்துக்குப் பழகிய மண் மாறவும் நேரம் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன, அந்த நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதில் நொந்தவர்கள் சிறு விவசாயிகள். இயற்கை வேளாண்மையின் பெயரைக் கெடுத்ததும் அந்த அவசரம்தான் என்பது என் வருத்தம்.

தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வந்தது. 2024-இல் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைகளும் மண்புழு உரப் படுக்கைகளும் கொடுக்கத் தொடங்கினார்கள். நிலம் உள்ளவர்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். ஆனால் கொல்லையில் தொடங்குகிறவருக்கு அதுவும் தேவையில்லை. ஒரே ஒரு பாத்தி. பத்தடிக்கு நாலடி. ஒரு வருடம் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பாத்தி எங்கே வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

எங்கள் பாத்தியில் அந்த முதல் கார்த்திகை மழையில் கீரை பாதி அழுகியது. வடிகால் ஓடை வெட்ட மறந்திருந்தேன். சீனியவரை தப்பித்தது. தை வரை வாரம் இரண்டு முறை பறித்தோம், மிஞ்சியதை அம்மா மோரில் ஊறவைத்து வத்தல் போட்டார். கடைசியாக நாலு செடியில் காயைப் பறிக்காமல் விட்டார். நெற்று வெடிக்கும் பதத்தில் எடுத்து, உரித்து, சாம்பல் பிசறி நிழலில் காயவைத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மேலே ஒரு வேப்பிலைக் கொத்து வைத்து மூடினார். அதைச் செய்ய யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது வருடமாகச் செய்யாமல் இருந்தார், அவ்வளவுதான்.

இந்தச் சித்திரையிலும் கொல்லையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. துவைக்கிற கல்லிலிருந்து தொடங்கி வேப்பமரத்தை நோக்கி வந்து, மூடாக்குப் போட்ட பாத்தியின் ஓரத்தில் நின்றுவிட்டது. சோளத்தட்டையை விலக்கிக் கையை விட்டால் மண் இன்னும் லேசாகக் குளிர்கிறது. அம்மாவும் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு கல்லடியிலிருந்து வேம்பு வரை காலடியால் அளந்துகொண்டு போய், "ஏய்யா, புரட்டாசிக்குள்ள இந்தப் பக்கமும் ஒண்ணு போட்ருவமா?" என்றார்.